மகிஷா கரைசல்

அந்தா, வார்டு வாசல்ல தூணைப் பிடிச்சிக்கிட்டு நிக்கா பாருங்க, நீலச் சேல. அவதான் அண்ணாச்சி டீச்சர். எஸ்தர்ராணி. எம் மக இன்னைக்கு இந்த நிலைமையில உள்ள கிடக்கான்னா அதுக்கு அவதான் காரணம். நான் சொல்லல, ஊரே சொல்லுது. வெளிய வேப்பமரத்துக்குக் கீழ உக்காந்து எம் பொண்டாட்டி செல்வக்கனி மண்ணை வாரித் தூத்துதால்லா, அது யாரைன்னு நினைக்கிய? இவளைத்தான்.

உக்காருங்க, உக்காருங்க. ஃபிளாஸ்க்கைக் கீழ வைங்க, யாரும் தூக்கிட்டுப் போயிரமாட்டாவ. உங்களுக்கு யாரு, வீட்டம்மாவா? சுகரா? சரியாப் போவும், பயப்படாதிய. எம்புள்ளைக்கு என்னன்னா கேக்கிய? வாந்தி. வாந்தின்னா சும்மா வாந்தி இல்ல, வாயில எச்சி நொரையா வடியுது, வேர்த்துக் கொட்டுது, கையும் காலும் வெடவெடன்னு ஆடுது. ஏழாங்கிளாஸ் படிக்கா. மகிஷான்னு பேரு. காலையில நல்லாத்தான் தோசை தின்னுட்டுப் போனா, சட்னி காரம்னு அம்மைகிட்ட சண்டை வேற. மத்தியானச் சோத்து பெல் அடிக்கதுக்கு முன்ன போன் வந்துட்டு, ஓடியாங்க ஓடியாங்கன்னு. இப்பம் குளுக்கோஸ் ஏறுது. ஏறினா தெளிஞ்சிரும். தெளிஞ்சிரும்லா?

எனக்கு யாவாரம். நல்லாங்குளம் முக்குல கடை. தங்கப்பழம்னு சொன்னா சுத்துப்பட்டு ஊருல அத்தனை பேருக்கும் தெரியும். என்ன கடையா? மருந்துக்கடை. இல்லல்ல, மாத்திரை டானிக் விக்கிற கடை இல்ல. பயிருக்கு உள்ள மருந்து. உரம், விதை, மருந்து. கத்தரியில புழு விழுந்துட்டு, வெண்டையில மஞ்சள் அடிச்சிட்டுன்னு இலையைப் பிச்சிக்கிட்டு வந்து நிப்பானுவ. நான் இலையைத் திருப்பிப் பாத்ததும் சொல்லிருவேன், இதுக்கு இது, டேங்குக்கு ஒரு மூடின்னு. நம்ம பக்கம் எல்லாம் மூடிக் கணக்குதான், பாட்டில் மூடியையே அளவா வச்சு ஊத்துறது. நான் குடுத்து கேக்காத பூச்சி கிடையாது. பெருமைக்குச் சொல்லல.

இந்த டீச்சர் போன வருசம்தான் மாத்தலாகி வந்தா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி கருவேல முள்ளு மண்டிக் கிடக்கும், பாம்பு கூட உள்ள போவ யோசிக்கும். அதைப் புள்ளைகளை வச்சே வெட்டித் தள்ளி, பாத்தி கட்டி, தோட்டம் போட்டா. நீங்க திங்குற சோறு எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சு திங்கணும், மண்ணைக் கெடுக்காம வெளைய வச்சுத் திங்கணும்னு வகுப்பெடுத்தா. மத்தியானம் புள்ளைக மிச்சம் வைக்கிற சோறு, காய்த்தோலு எல்லாம் ஒரு குழிக்குள்ள போவும், அது மக்கி உரமாவும், அந்த உரம் பாத்திக்குப் போவும், பாத்தியில காய்க்கிறது திரும்ப சத்துணவு சாம்பாருக்குப் போவும். நல்லதுதான. நான் நல்லதுன்னுதான் சொல்லுதேன். ஒருநா நானே நாலஞ்சு விதைப் பாக்கெட்டை எடுத்துட்டுப் போனேன், கம்பெனி விதை, சும்மா குடுக்கலாம்னு. உடைச்சுப் பாத்தா, விதை ரோஸ் கலர்ல இருக்கும்லா, அதைப் பாத்துட்டு, "இது மருந்து தடவின விதை சார், புள்ளைக கையில குடுக்க முடியாது, எங்களுக்கு நாட்டு விதை போதும்"னு திருப்பிக் குடுத்துட்டா. அத்தனை புள்ளைக பாக்க. எம்புள்ளையும் பாத்துக்கிட்டு நிக்கா. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

சரி, போட்டும்னு விட்டேன். அடுத்து என்ன பண்ணுனா தெரியுமா? தோட்டத்துக்குள்ள யாரும் மருந்துன்னு சொல்லப்படாதாம். உடம்பைச் சொஸ்தமாக்குனாத்தான் அதுக்குப் பேரு மருந்தாம், உயிரைக் கொல்லுறதுக்குப் பேரு விஷமாம். வாய் தவறி மருந்துன்னு சொன்ன புள்ளை ஒரு வரிசை களை எடுக்கணும். அண்ணாச்சி, நம்ம தமிழ்நாடு பூரா என்னன்னு சொல்லுதான்? மருந்தடிச்சான்னுதான சொல்லுதான்? விஷம் அடிச்சான்னா சொல்லுதான்? எம் மகளுக்கு அது நல்லாப் பிடிச்சிட்டு. வீட்டுக்கு எங்க பெரிய மதினி வந்திருக்காவ, அப்பாவை எங்கட்டின்னு கேட்டிருக்காவ. இவ சொல்லுதா, "அப்பா விஷக்கடையில இருக்காரு"ன்னு. செல்வக்கனி விழுந்து விழுந்து சிரிச்சாளாம். எனக்குச் சிரிப்பு வரல.

அந்தக் கடையிலதான உனக்கு யூனிபார்மு, அந்தக் கடையிலதான உனக்குச் சைக்கிள். அதை நான் சொன்னேனா? சொல்லல. புள்ளைகிட்ட என்னத்தச் சொல்ல. ஆனா மனசுக்குள்ள கிடந்து அறுக்கும், பாத்துக்கிடுங்க.

நாங்க என்ன அப்படி ஊரைக் கொல்லுத ஆளா? நான் என்ன சொல்லி விக்கேன், அடிச்சா இத்தனை நாளு பறிக்கப்படாதுன்னு சொல்லித்தான விக்கேன். அவன் மறுநாளே பறிச்சு மார்க்கெட்டுக்கு ஏத்துனான்னா அது என் பொறுப்பா? எங்க வீட்டுக்கு உள்ள காய் எல்லாம் எங்க மச்சினன் தோட்டத்துல இருந்து வருது. அவன் நமக்குன்னு தனியா ரெண்டு வரிசை, மருந்து படாம விட்டிருப்பான். நாங்க அதைத்தான் திங்கோம். யாவாரத்துக்கு உள்ளது யாவாரத்துக்கு, வீட்டுக்கு உள்ளது வீட்டுக்கு. எல்லாச் சம்சாரியும் அப்படித்தான வச்சிருக்கான். இதுல என்ன தப்பு?

சொல்லிட்டு வந்தது எங்கயோ போயிட்டு. ஆங், அவரைப் பாத்தி.

எம் மக குரூப்புக்கு அவரைப் பாத்தி. பந்தல் எல்லாம் நல்லாப் படந்து பூ வச்சுது. பூ வைக்கவும் அசுவினி விழுந்துட்டு. கறுப்பா, ஈரும் பேனும் அப்புன மாதிரி கொடி பூரா. டீச்சர் என்ன சொல்லுதா, பூச்சிக்கும் ஒரு பங்கு உண்டு, கொஞ்சம் தின்னுட்டுப் போட்டும், பொறிவண்டு வரும், வந்து அதைத் தின்னும், பொறுத்திருங்கன்னு. பூச்சிக்குப் பந்தி வைக்கா பாத்தியளா! பூச்சி பங்கு கேட்டு நிறுத்துமா, மொத்தத்தையும் தின்னுட்டுத்தான் எந்திரிக்கும். ரொம்ப முத்திப்போனா இலைக் கரைசல் அடிக்கலாம்னு சொல்லி, எம் மகளை அதுக்குத் தலைவியாப் போட்டா. வேப்பிலை, நொச்சி, ஆடாதொடை, எருக்கு, எல்லாத்தையும் இடிச்சு மாட்டுக் கோமியத்துல ஊறப் போடணும். நாத்தம்னா நாத்தம், குடலைப் பிடுங்கும். பள்ளிக்கூடத்துல வச்சா குரங்கு கவுத்துருது. வீட்டுல செல்வக்கனி விடமாட்டேன்னுட்டா. கடைசியில எங்க கொண்டாந்து வச்சான்னு நினைக்கிய? எங்கடைக்குப் பின்னாடி, சரக்கு ரூமுல. விஷக்கடைக்குள்ள! நான் ஒண்ணும் சொல்லல. வச்சுக்கோட்டின்னேன். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பானையைக் கிண்டிக் கிண்டிப் பாப்பா. அப்பம் எல்லாம் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்.

அடிச்சா, பூச்சி சாகல. ரெண்டாவதும் அடிச்சா, சாகல. மத்த புள்ளைக பாத்தியில வெண்டையும் தக்காளியும் ஜம்முன்னு நிக்கு, இவ கொடி மட்டும் சுருண்டுக்கிட்டு வருது. அன்னைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்தவ பானைகிட்ட உக்காந்து அழுதா பாருங்க. தேம்பித் தேம்பி. "எங்க பாத்தியைப் பாத்து எல்லாரும் சிரிக்காவப்பா"ன்னா. எனக்கு வயிறு எரிஞ்சிட்டு. எதுல அதைவிட எரிஞ்சிட்டுன்னா, அவ எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல அண்ணாச்சி. ஊரு உலகத்துல உள்ளவன் எல்லாம் என்ன அடிக்கலாம்னு எங்கிட்ட வந்து கேக்கான். எம்புள்ள என் சரக்குக்கு நடுவுல உக்காந்து அழுதுக்கிட்டு, எங்கிட்ட கேக்கல.

கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். சத்தியமாக் குடுத்திருக்க மாட்டேன். டீச்சர் வேண்டாம்னு சொல்லியிருக்காவல்லா, பொறுத்துப் பாருட்டின்னு சொல்லித்தான் அனுப்பியிருப்பேன்.

அவ போனதும் ஒரு மூடி ஊத்துனேன்.

என்ன அப்படிப் பாக்கிய? ஒரு மூடி. அதுவும் சின்ன மூடி. அவ்வளவு பெரிய பானைக்கு ஒரு மூடி எந்த மூலைக்கு? கோமிய நாத்தத்துல வாடையும் தெரியாது. எம்புள்ள அழக்கூடாதுன்னு ஊத்துனேன். எந்த அப்பன்னாலும் அதைத்தான் செய்வான். நீங்களா இருந்தாலும் செஞ்சிருப்பிய.

மறுவாரம் கொடி சுத்தமாயிட்டு. துடைச்சு வச்ச மாதிரி. காலையில பிரேயர்ல எல்லாப் புள்ளைகளுக்கும் முன்னால இவளை மேடையில ஏத்தி, டீச்சர் சொல்லியிருக்கா, "மகிஷா பொறுமையா, சரியான பதத்துல கரைசல் செஞ்சிருக்கா, இனிமே இதுக்குப் பேரு மகிஷா கரைசல்"னு. கைதட்டு! எம் மக அன்னைக்கு வீட்டுக்கு வந்தா பாருங்க, கால் தரையில படல. டீச்சரே கடைக்கு வந்துட்டாவ. "உங்க மகளுக்குக் கைராசி சார்"ன்னாவ. நான் காப்பி வாங்கிக் குடுத்தேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. விதையைத் திருப்பிக் குடுத்தியல்லா, இப்பம் உன் தோட்டத்தைக் காப்பாத்துனது யாருன்னு கேக்கணும் போல இருக்கு. கேக்கல. காப்பியைக் குடிச்சிட்டுப் போனாவ.

அதுக்கப்புறம் நிறுத்தியிருக்கணும். தெரியும், தெரியும். சொல்லாதிய. ஆனா எப்படி நிறுத்த? மகிஷா கரைசல்னு பேரு வச்சாச்சு. அடுத்த பானையில ஊத்தலன்னா பூச்சி சாகாது. சாகலன்னா பேரு போச்சு. கைதட்டுன புள்ளைகளே சிரிக்கும். அதனால அவ பானை ஊறப்போடுத போதெல்லாம் நானும் என் பங்குக்கு ஊத்துனேன். காயையும் நான் சும்மா விடல, பாத்துக்கிடுங்க. அடிச்ச கையோட பறிக்க விடமாட்டேன். "இப்பம் பறிக்காதட்டி, இன்னும் கொஞ்சம் முத்தட்டும்"னு சொல்லிச் சொல்லி நாளைத் தள்ளுவேன். அவரைக்காய் முத்துனா யாரு திம்பா? சத்துணவு ஆயா நார் உரிச்சு உரிச்சு ஏசுனாவளாம். இவ எங்கிட்ட வந்து, "அப்பா, உங்களுக்குக் காய் பறிக்கவே தெரியல"ன்னா. சரிட்டின்னேன். மத்த புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகிறப்படாதுன்னு நான் எவ்வளவு கவனமா இருந்தேன், அது யாருக்குத் தெரியும்?

இந்த வாரம் காய்ப்புழு வந்துட்டு. அது அந்த மருந்துக்குக் கேக்காது. புதுச் சரக்கு ஒண்ணு வந்திருந்தது, கொஞ்சம் கடுசு. அதை ஊத்துனேன். எவ்வளவுன்னு கேக்காதிய. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வேற பள்ளிக்கூடத்து வாத்தியாருமார் எல்லாம் தோட்டம் பாக்க வாறாவ, மகிஷாதான் கரைசல் செய்யுற முறையைச் சொல்லிக் காட்டப் போறான்னு ஒரே ஆர்ப்பாட்டம். ரெண்டு நாளா கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்துக்கிட்டு இருந்தா. அவ்வளவு பேரு முன்னால பந்தல்ல புழு நெளிஞ்சா நல்லாவா இருக்கும்?

காலையில பானையை ஆட்டோவுல ஏத்துனா. எனக்கு என்னமோ மாதிரி இருந்திச்சு. கடைக்குள்ள போயி கை உறை எடுத்தாந்து அவ கையில குடுத்தேன். குடுத்தேன் அண்ணாச்சி, சாமி சத்தியமாக் குடுத்தேன், நல்ல ரப்பர் உறை, முழங்கை வரைக்கும் வரும். இதை மாட்டிக்கிட்டுத் தொடுட்டின்னேன். அவ சிரிச்சா. "இலைச்சாறுக்கு யாராவது கிளவுஸ் போடுவாங்களாப்பா?"ன்னு என் கையிலயே திருப்பித் திணிச்சிட்டு ஆட்டோவுல ஏறிட்டா. அப்பம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆட்டோக்காரன் நிக்கான், தெருவுல ஆளு நிக்கு, எப்படிச் சொல்ல?

அங்க என்ன நடந்துச்சுன்னு மத்த புள்ளைக சொல்லித்தான் தெரியும். வந்த வாத்தியாருமாருக்கு முன்னால, பானைக்குள்ள கையை விட்டு, முழங்கை முங்குற மட்டுக்கும் விட்டுக் கலக்கியிருக்கா. "பாருங்க சார், வெறுங்கையால கலக்கலாம், இது விஷம் இல்ல. எங்க அப்பா கடையில உள்ளதை இப்படித் தொட முடியுமா?"ன்னு கேட்டிருக்கா. எல்லாரும் கைதட்டியிருக்காவ. நல்ல வெயில். வேர்த்துச்சுன்னு அந்தக் கையாலயே மூஞ்சியைத் துடைச்சிருக்கா. வாயையும் துடைச்சிருக்கா. அப்புறம் பந்தலுக்குள்ள நின்னுக்கிட்டு, காத்து அடிக்கிற பக்கமா பாத்து, பூரா கொடிக்கும் அடிச்சிருக்கா. அடிச்சு முடிக்கதுக்குள்ள தலை சுத்துதுன்னு உக்காந்துட்டா.

இங்க கொண்டாந்ததும் டாக்டர் என்ன கேட்டாரு தெரியுமா? "புள்ளை வேற எதும் மருந்து சாப்பிட்டுச்சா?"ன்னு எங்கிட்ட கேட்டாரு. நான் இல்ல சார்ன்னேன். அது பொய்யா? நீங்களே சொல்லுங்க. அவ எந்த மருந்தும் சாப்பிடலதான. காய்ச்சல் மாத்திரை கூடச் சாப்பிடல. அவரு கேட்டதுக்கு நான் சரியாத்தான் பதில் சொன்னேன். என்ன தொழில்னு கேட்டாரு. கடைன்னேன். என்ன கடைன்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியல.

அப்புறம் டீச்சர்ட்ட கேட்டாரு, தோட்டத்துல பூச்சிமருந்து எதும் அடிச்சியளான்னு. அவங்க, "ஒரு சொட்டு கிடையாது சார், பைபிள் மேல சத்தியம்"னு அழுதுக்கிட்டே சொல்லுதாங்க. எம்புள்ளையும் அந்த மயக்கத்துல, வாயில எச்சி ஒழுக ஒழுக, "விஷம் இல்ல சார், நானே செஞ்ச கரைசல்"னுதா. டாக்டர் குழம்பிப்போயிட்டாரு. இலைச்சாறுக்கு இப்படி ஆவாதே, கண்ணுல கருமணி ஊசிமுனை மாதிரி சுருங்கிக் கிடக்கே, என்னன்னு உறுதியாத் தெரிஞ்சா அதுக்கு உள்ள ஊசியைத் தைரியமாப் போடலாம், தெரியாமப் போட்டா அதுவே ஆபத்தாயிரும்னு நர்சுகிட்ட சொல்லிக்கிட்டுப் போனாரு. எங்காதுல விழுந்துச்சு. நான் இந்தா இந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன்.

டீச்சரை ஏசுனது யாரு தெரியுமா, முதல்ல? நான்தான். செல்வக்கனி இல்ல, மச்சினன் இல்ல. நான் வாசல்ல வச்சு எல்லாரும் கேக்க, "எம்புள்ளைக்கு ஏதாவது ஆச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன் பாத்துக்கோ"ன்னு கத்துனேன். கத்துனதும் எல்லாரும் சேந்து கத்த ஆரம்பிச்சிட்டாவ. அவங்க, "நான்தான் எந்த இலையையோ சரியாப் பாக்காம விட்டுட்டேன் சார்"ன்னு சொல்லிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்கே திரும்பிப் போயி, கரைசல்ல போட்ட இலை எல்லாத்தையும் ஒவ்வொரு கொப்பா ஒடிச்சிக்கிட்டு வந்திருக்காங்க. டாக்டர்ட்ட காட்டணும்னு. கையில அந்தப் பையைப் பாருங்க, பூரா இலை. வந்ததுல இருந்து அதைப் பிடிச்சிக்கிட்டு நிக்காங்க. யாரும் அவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல.

இதுவா? எம் மடியில இருக்க இந்தப் பைக்குள்ள ஒண்ணும் இல்ல. வீட்டுச் சாமான்.

என்னத்த மறைக்க. பாட்டில்தான். அந்தப் பாட்டில்தான். போன் வந்ததும் நான் பள்ளிக்கூடத்துக்கு நேர ஓடல அண்ணாச்சி. கடைக்குள்ள போனேன். சரக்கு ரூமுல இருந்து இதை எடுத்துப் பையில போட்டேன். டாக்டர்ட்ட காட்டுததுக்குத்தான் எடுத்தேன். இல்ல. இல்ல, என்ன நான் உங்ககிட்டயே பொய் சொல்லுதேன், ஒளிக்கதுக்குத்தான் எடுத்தேன். எவனாவது கடையில வந்து பாத்துரப்படாதேன்னுதான். எம்புள்ள அங்க விழுந்து கிடக்கா, நான் இங்க பாட்டிலைத் துணியில சுத்திக்கிட்டு இருக்கேன். நானும் ஒரு மனுசன்.

எனக்குப் பயமா இருக்கு. லைசென்சு போயிரும்னா? போட்டும், சவம். செல்வக்கனி என் குரல்வளையைக் கடிப்பா, கடிக்கட்டும். எனக்குப் பயம் அது இல்ல. கைதட்டுனது எல்லாம் உனக்கு இல்லட்டின்னு எம்புள்ளகிட்ட எப்படிச் சொல்லுவேன்? அவ செஞ்ச கரைசலுக்கு ஒரு பூச்சி கூடச் சாகலன்னு எப்படிச் சொல்லுவேன்? உயிரோட எந்திரிச்சு வந்து அவ என்னை ஒரு பார்வை பாப்பால்லா, அந்தப் பார்வையை நினைச்சாத்தான்...

அண்ணாச்சி, ஒரு உதவி செய்வியளா? நீங்க வெளியூரு, உங்களை யாருக்கும் தெரியாது. இந்தப் பாட்டிலை டாக்டர் மேசையில கொண்டு வச்சிட்டு, தோட்டத்துல கிடந்துச்சாம், யாரோ குடுத்தாவன்னு சொல்லிருங்க. பேரு பாட்டில்லயே போட்டிருக்கு, அவருக்குப் பாத்ததும் தெரிஞ்சிரும். அது போதும். ஏன் பாட்டிலைத் தள்ளுதிய? தோட்டத்துல கிடந்துச்சுன்னு சொன்னா டீச்சர் தலையில விழும்னுதான நினைக்கிய. விழும். எனக்கும் தெரியுது. என்ன செய்யச் சொல்லுதிய என்னை? எந்திரிக்கிய, எங்க போறிய? இருங்க. நீங்க போவாதிய. கையை விடுங்கன்னா எப்படி விட? கொஞ்சம் இருங்க.

நான்தான் சிஸ்டர். மகிஷா அப்பா. முழிச்சிட்டாளா? இல்லையா? பின்ன? எனத்தையோ பினாத்துதாளா? என்ன சொல்லுதா?

எருக்கிலை கூடிப் போச்சோன்னா?

டீச்சர் மேல தப்பு இல்ல, நான்தான் அளவு தப்பாப் போட்டுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க, டீச்சரை ஏசவேண்டாம்னு சொல்லுங்கன்னு... அவளா சொன்னா? அந்த நிலைமையில கிடந்துக்கிட்டா?

சிஸ்டர், போவாதிய. நில்லுங்க. டாக்டரைக் கூப்பிடுங்க, ஓடுங்க. இந்தாங்க, இதைப் பிடிங்க, இதுதான். இதுல உள்ளதுதான் அந்தப் பானைக்குள்ள இருக்கு. அவ போடல, அவளுக்குத் தெரியாது. நான் ஊத்துனேன். தெரிஞ்சுதான் ஊத்துனேன், என் கையால. டீச்சர், இங்க வாங்க டீச்சர், அந்தப் பையைக் கீழ போடுங்க, உங்க இலை ஒண்ணும் செய்யல. எம்புள்ள எதையும் தப்பாப் போடல.

மெதுவாப் பேசணுமா? அவ காதுல விழுந்துருமா? விழட்டும் சிஸ்டர். அவளுக்குக் கேக்கணும்னுதான் இவ்வளவு சத்தமாச் சொல்லுதேன்.